வேலைக்கு முன் ஒரு விசாரணை

நான் சிதம்பரத்தில் குடியிருந்து கடலூரில் வழக்கறிஞர் தொழில் நடத்துகிறவன். மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சிறு அலுவலகம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு அங்கே வந்தார். பையன் முகத்தில் மகிழ்ச்சியும் கலக்கமும் கலந்திருந்தன. அரசு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தை என் முன் வைத்தான். "தாங்கள் இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்" என்று தொடங்கிய அக்கடிதம், "முன்வரலாறு, நன்னடத்தை, சான்றிதழ்கள், உடல்தகுதி ஆகியவற்றின் சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று முடிந்திருந்தது. உடன் வந்த படிவத்தில் ஒரு வினா இருந்தது: "தாங்கள் எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா? தங்கள்மீது வழக்கு ஏதேனும் பதிவானதுண்டா?"

பையன் சொன்னான்: "ஐயா, சிதம்பரத்தில் படிக்கும்போது, கல்லூரி வாசலில் பேருந்து நிற்க வேண்டுமென்று நாங்கள் முப்பது பேர் சாலை மறியல் செய்தோம். போலீசார் வேனில் ஏற்றிக் கலியாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் விட்டுவிட்டார்கள். அது கைதுதானா? அதை எழுத வேண்டுமா?"

தகப்பனார் இடைமறித்தார்: "எழுதாதேன்னு நான் சொல்றேங்க. அஞ்சு வருசத்துக்கு முந்தி நடந்தது. யாருக்குத் தெரியப் போவுது? இல்லைன்னு எழுதிட்டுப் போய்ச் சேரட்டும்."

மாணவ நண்பர்களே, இந்தத் தகப்பனாரின் அச்சமும் இந்தப் பையனின் ஐயமும் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் உள்ளவை. வேலை கிடைத்துவிட்டது என்று எண்ணும் வேளையில், 'உட்பட்டு' என்ற ஒரு சொல் குறுக்கே நிற்கிறது. அச்சொல்லின் பொருள் யாது? வேலை தருவோருக்கு எதுவரை உசாவ உரிமை உண்டு? புதிதாகச் சேர்வோருக்குச் சட்டம் தரும் காப்பு எவ்வளவு? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் ஓர் உவமை. நம் ஊர்களில் நிச்சயதாம்பூலம் மாற்றிக்கொள்கிறோம். அதனாலேயே திருமணம் நடந்துவிட்டதாகக் கொள்வதில்லை. ஆயினும் காரணமின்றி அதை முறித்தால் ஊர் கேள்வி கேட்கும். நிபந்தனையோடு வரும் வேலைக்கடிதமும் அத்தகையதே. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு நிகழ்ச்சி நடந்தால்தான், அல்லது நடவாதிருந்தால்தான், நிறைவேற வேண்டிய ஒப்பந்தத்தைத் தனி வகையாக வைத்துப் பேசுகிறது. சரிபார்ப்பில் குறையொன்றும் இல்லையென்றால் வேலை, இருந்தால் இல்லை. ஆகவே அக்கடிதம் வெறும் தாளும் அன்று. முழுமையான பணியாணையும் அன்று. இரண்டுக்கும் நடுவே நிற்பது.

ஆராய்ந்து ஆளை அமர்த்தும் வழக்கம் இன்று தோன்றியதன்று. திருக்குறளின் 51-ஆம் அதிகாரத்துக்குத் 'தெரிந்துதெளிதல்' என்பது பெயர். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவர்மேல் ஐயப்படுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்ற கருத்தை வள்ளுவர் அங்கே வைத்திருக்கிறார். பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியங்களுக்கு இன்னார் தகுதியுடையார், இன்னார் தகுதியற்றார் என்று வரையறுத்திருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கு அங்கே இடமில்லை.

நம் கடலூரிலேயே ஒரு சான்று உண்டு. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியார் 1690-ஆம் ஆண்டில் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கும்பெனியின் எழுத்தர்களாகக் கப்பலேறிய இளைஞர்கள் நன்னடத்தைக்கு உடன்படிக்கை எழுதிக் கொடுத்து, பிணையாளர்களையும் காட்ட வேண்டியிருந்தது. ஆளின் நாணயத்துக்கு ஈடு கேட்பது அன்றே இருந்த வழக்கம். இன்று பிணையாளர் இல்லை. அவ்விடத்தில் சரிபார்ப்புப் படிவம் வந்திருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

அப்படிவம் எவற்றை ஆராய்கிறது? பெயர், வயது, முகவரி ஆகியவை ஒருபுறம். கல்விச் சான்று, சாதிச் சான்று, முன்பு பார்த்த வேலை ஆகியவை மற்றொருபுறம். வழக்கு வரலாறு மூன்றாவது. ஒவ்வொன்றிலும் தவறு நேர்வதற்கு இடமுண்டு.

கல்விச் சான்றை எடுத்துக்கொள்வோம். போலிச் சான்று கொடுத்தவர் வேலையை இழப்பது முறையே; அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் உண்மையாகப் படித்துப் பெற்ற சான்றும் வேலைக்குப் பயன்படாமற் போகலாம். சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு தரப்பாக நின்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. இளநிலைப் பட்டம் பெறாமலே திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம், பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்கு மாறானது. ஆகவே அது பணிக்குரிய தகுதியாகக் கொள்ளத்தக்கதன்று என்பது அதன் சாரம். ஒரு படிப்பில் சேருமுன், 'இதைப் படித்தால் அறிவு வளருமா' என்று கேட்பது நன்று. 'நான் விரும்பும் வேலைக்கு இது ஏற்கப்படுமா' என்றும் உடன் கேட்க வேண்டும்.

இனி, அந்தப் பையனை வாட்டிய மூன்றாவது பகுதிக்கு வருவோம்.

போராட்டத்தில் கலந்துகொண்ட மாணவர்கள் நம் ஊருக்குப் புதியவர் அல்லர். 1965-ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தின்போது, ஜனவரி 27-ஆம் நாள், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தார். அன்று தெருவில் நின்ற மாணவர்களையெல்லாம் குற்றவாளிகள் என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காவல் நிலையத்துப் பதிவேட்டில் வரலாற்றுக்கும் கலகத்துக்கும் ஒரே கட்டம்தான் உண்டு. பதிவேட்டை வாசிக்கும் அதிகாரி அவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்? இதுதான் நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாக எதிர்கொண்ட வினா.

1983-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. நகராட்சிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1972-இல் அரசுப் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்; முன்வரலாற்றுச் சரிபார்ப்புக்கு உட்பட்டு என்பதே நிபந்தனை. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், 1974-இல், அவர் வேலையினின்று நீக்கப்பட்டார். அவர் முன்னர்ச் சில அரசியல் இயக்கங்களின் நடவடிக்கைகளில் பங்கு கொண்டவர் என்று காவல்துறை அறிக்கை தந்ததே காரணம். நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, அந்நீக்கம் செல்லாது என்றது. ஒருவர் எந்தக் கட்சியை விரும்பினார், எக்கொள்கையைப் பேசினார் என்பதைத் துருவி எடுத்து அவர் வேலையைப் பறிப்பது, கருத்துரிமையையும் சமவாய்ப்பையும் உறுதி செய்யும் அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்பது அதன் கருத்து. சரிபார்ப்புக்கு அந்தத் தீர்ப்பு ஓர் எல்லைக்கல் நாட்டியது. ஒருவரின் நடத்தையை ஆராயலாம். அவரது நம்பிக்கையை வேட்டையாடக்கூடாது.

2011-ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கு. தில்லிக் காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவர், தமக்கு ஏறத்தாழ 20 வயதாக இருந்தபோது நேர்ந்த ஓர் அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் குறிப்பிடாது விட்டார். அவ்வழக்கு சமரசமாகி அவர் விடுதலை பெற்றிருந்தார். எனினும் அவரது தேர்வை நிறுத்த முனைந்தனர். இளமையில் மனிதர் தவறுவது இயல்பு. அதை ஆயுளுக்கும் சுமக்கச் செய்வது முறையன்று என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அத்தீர்ப்பில் ஓர் அயல்நாட்டு நிகழ்ச்சியும் நினைவுகூரப்பட்டது. வேல்ஸ் நாட்டு மாணவர்கள் தம் தாய்மொழிக்காகக் குரலெழுப்பி, இலண்டனில் நடந்துகொண்டிருந்த நீதிமன்றத்துக்குள் புகுந்து பாடினர். அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1970-இல் மேல்முறையீட்டை விசாரித்த டென்னிங் பிரபு, அவர்கள் செய்தது தவறே எனினும் அவர்கள் குற்றக் கூட்டத்தார் அல்லர் என்று கருதி விடுவித்தார். மொழிக்காகத் தெருவில் நின்ற மாணவர்களை அறிந்த சிதம்பரத்துக்காரனான எனக்கு, அந்தப் பக்கத்தைப் படித்தபோது அது தொலைவில் நடந்த கதையாகத் தோன்றவில்லை.

ஆனால் எல்லாத் தீர்ப்புகளும் இப்படி அமையவில்லை. உண்மையை மறைத்தவருக்கு இரக்கம் காட்டலாகாது என்று சில அமர்வுகள் கூறின. வழக்கின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்று வேறு சில கூறின. இம்முரண்பாட்டைத் தீர்க்க 3 நீதிபதிகள் கொண்ட அமர்வு அமைந்தது. 2016 ஜூலை 21-ஆம் நாள் அது வழங்கிய தீர்ப்பு அவதார் சிங் வழக்கு என்று வழங்கப்படுகிறது. இன்று அரசு வேலை தேடும் ஒவ்வோர் இளைஞரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இதுவே. அதன் நெறிகளை எளிய முறையில் சொல்கிறேன்.

விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். பொய்யுரையும் மறைப்பும் கூடா. படிவத்தில் கேட்கும் வினா தெளிவாக இருக்க வேண்டும். கேளாத ஒன்றைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டலாகாது. தமக்கே தெரியாத வழக்கை ஒருவர் மறைத்தார் என்றும் சொல்லலாகாது. இளமையில் முழக்கமிட்டது போன்ற சிறு நிகழ்ச்சிகளை மறைத்திருந்தாலும், வேலை தருவோர் தம் விருப்புரிமையால் அதைப் பொருட்படுத்தாது விடலாம். குற்றம் கடுமையானதாயின் தேர்வை நீக்கலாம். ஏற்கெனவே பணி உறுதி செய்யப்பட்டவராயின், துறை விசாரணை நடத்தாமல் அவரை நீக்கலாகாது.

இவற்றோடு இன்னொன்றையும் அத்தீர்ப்பு சொல்கிறது. அதைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. உண்மையை ஒளிக்காமல் எழுதியவரையும் கட்டாயம் வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. முடிந்துபோன வழக்காயினும், முன்வரலாற்றை எடைபோட்டுப் பார்க்கும் உரிமை வேலை தருவோருக்கு உண்டு. ஆகவே வாய்மை வேலைக்கு உறுதிச்சீட்டு அன்று. ஆனால் அது நம் தரப்பைக் கேட்கச் செய்யும் வாயில். பொய் அந்த வாயிலை நாமே அடைத்துவிடுவது. சிறு வழக்கு ஒன்று, மறைக்கப்பட்டதனாலேயே பெரு வழக்காக மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. கணினிப் பதிவேடு வந்த பின் மிளகைக்கூட மறைக்க முடியாது.

காவலர் பணிக்குச் செல்ல விரும்பும் மாணவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில் 2003-ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. சந்தேகத்தின் பலனால் விடுதலை பெற்றவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்பது அது. 2008-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அவ்விதியை ஏற்றது. 'விடுதலையாகிவிட்டேன்' என்று நாம் மகிழ்வோம். எவ்வகை விடுதலை என்பதை விதி கேட்கிறது. காவலரின் கையில் சட்டத்தின் கோல் இருப்பதால் அவருக்கு அளவுகோலும் கடுமையாகிறது.

மற்றொரு கண்ணி அபராதம். நடுவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில நூறு ரூபாய் கட்டிவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று பலர் நினைக்கின்றனர். சட்டத்தின் கண்ணில் அதுவும் தண்டனையே. ஒரு நாள் அலைச்சலைத் தவிர்க்க ஒப்புக்கொண்ட அந்தச் சொல், பிற்காலத்தில் படிவத்தின் கட்டத்தில் வந்து உட்காரும். வழக்கறிஞர் ஒருவரைக் கேளாமல் 'ஆம், செய்தேன்' என்று சொல்லாதீர்கள்.

சிறார்க்குச் சட்டம் கருணை காட்டியிருக்கிறது. 18 வயது நிரம்பாத பருவத்தில் செய்த தவற்றுக்காக ஒருவருக்குப் பின்னாளில் தகுதியிழப்பு ஏதும் நேரலாகாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு கூறுகிறது. 16 வயதைக் கடந்தவர் மிகக் கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டால் மட்டுமே விலக்கு. இளமைப் பருவத்து வழக்கைக் காட்டி வேலை மறுத்தல் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டிலும் வலியுறுத்தியது.

இதுவரை பேசியது பெரும்பாலும் அரசுப் பணி பற்றி. அரசும் அதன் நிறுவனங்களும் அரசியல் சாசனத்தின் 14, 16-ஆம் உறுப்புகளுக்குக் கட்டுப்பட்டவை. காரணமின்றி, கேள்விமுறையின்றி ஒருவரை ஒதுக்கினால், 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரலாம். தனியார் நிறுவனத்தில் நிலைமை வேறு. அங்கே உங்கள் உரிமை பெரிதும் கடிதத்தில் எழுதியுள்ளவற்றையே பொறுத்தது. இன்னாருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் தனியாரை வற்புறுத்துவது அரிது. உடன்பாட்டை முறித்ததற்கு இழப்பீடு கேட்கலாம். அதற்கும் எழுத்துச் சான்று வேண்டும்.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் ஒருத்தியை நான் அறிவேன். சென்னையில் ஒரு தனியார் நிறுவனம் அவளுக்கு வேலைக்கடிதம் அனுப்பியது. நிபந்தனை வரியைப் படிக்காமல் மறுநாளே பழைய வேலையை விட்டாள். சரிபார்ப்பில், அவள் எழுதிய பணிக்காலத்துக்கும் கடைக்காரர் சொன்னதற்கும் 4 மாத வேறுபாடு வந்தது. கடைக்காரர் அவள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது 4 மாதம் கழித்துத்தான். புதிய நிறுவனம் விளக்கம் கேளாமலே கடிதத்தைத் திரும்பப் பெற்றது. கடைக்காரரோ வேறொருவரை அமர்த்திவிட்டார். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையைக் காட்ட அவள் கையில் ஒரு தாளும் இல்லை. இருந்ததை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போனால் இரண்டும் போகும் என்பதை அவள் அன்று அறிந்தாள்.

அத்தகைய பெண்களுக்குச் சட்டம் வெறுங்கையாகவும் இல்லை. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத அறிவிப்பு அல்லது அதற்கீடான சம்பளம் இன்றியும் நீக்கலாகாது என்கிறது. முறையின்றி நீக்கினால் மேல்முறையீடும் உண்டு. 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, பணியாளர்க்கு எழுத்து மூலமான நியமனக் கடிதம் தர வேண்டும் என்று விதிக்கிறது. வேலையில் சேரும் நாளிலேயே அக்கடிதத்தைக் கேட்டு வாங்குவது நாணப்பட வேண்டிய செயலன்று. அது உங்கள் உரிமை.

பிற நாடுகள் இச்சிக்கலை எங்ஙனம் தீர்க்கின்றன? இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறித்த காலம் கழிந்த பின் பல தண்டனைகளைக் 'கழிந்தவை' எனக் கருதுகிறது. பள்ளி, மருத்துவமனை போன்ற சில பணிகள் நீங்கலாக, அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில், வேலை தருவோர் வெளி முகமையைக்கொண்டு ஒருவரின் பின்புலத்தை ஆராய்ந்தால், முன்னதாக அவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். அவ்வறிக்கையைக் காட்டி வேலை மறுக்குமுன் அதன் படியை அவருக்குத் தரவும் வேண்டும். ஹவாய் மாநிலம் 1998-ஆம் ஆண்டிலேயே, நிபந்தனையோடு வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் குற்ற வரலாற்றைக் கேட்கலாம் என்று சட்டமியற்றியது. முதலில் ஆளின் தகுதியைப் பார்; பிறகு அவர் பழங்கதையைப் பார் என்பது அதன் கருத்து.

நம் நாட்டில் இவற்றுக்கு ஈடான பொதுச் சட்டம் இல்லை. எனினும் தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. என்னைப் பற்றிய பிழையான அறிக்கையால் என் வேலை போகுமாயின், அவ்வறிக்கையைக் காணவும் மறுத்துரைக்கவும் எனக்கு வாய்ப்பு வேண்டும். இது நான் கேட்கும் சலுகையன்று. எதிர்த்தரப்பையும் கேட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற இயற்கை நீதியின் முதற்பாடம் இது.

இனி, மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியவை சில. சான்றிதழ்களில் பெயரும் பிறந்த நாளும் ஒன்றுபோல் உள்ளனவா என்று இப்போதே பாருங்கள். முதலெழுத்து மாறியிருந்தாலும் திருத்திக்கொள்ளுங்கள். பகுதிநேர வேலை செய்தால் சம்பளச் சீட்டையும் பணிச் சான்றையும் வாங்கி வையுங்கள். உங்கள் பெயரில் வழக்கு உண்டா என்ற ஐயம் இருந்தால் விசாரித்து அறியுங்கள். முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் இட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. மறைகாக்க வேண்டிய சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீதிமன்ற வழக்குகளின் நிலையையும் இணையத்தில் காணலாம். படிவத்தைக் கையெழுத்திடுமுன் முழுதும் படியுங்கள். 'கைது', 'வழக்குப் பதிவு', 'தண்டனை' ஆகிய மூன்றும் வெவ்வேறு. எதைக் கேட்கிறார்களோ அதற்கு விடை எழுதுங்கள். நிரப்பிய படிவத்துக்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு முடிந்து உறுதியான ஆணை வரும்வரை கையிலுள்ள வேலையை விடாதீர்கள்.

தேவனாம்பட்டினத்துப் பையனின் கதையை முடிக்காமல் விட்டேன். பழைய பதிவுகளைத் தேடினோம். அன்றைய மறியலுக்கு முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது. அதில் அவன் பெயரும் இருந்தது. குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டிருந்தது. "தம்பி, உள்ளதை உள்ளபடி எழுது. நாள், இடம், காரணம், அன்று மாலையே விடுவித்தது, வழக்குக் கைவிடப்பட்டது ஆகிய அனைத்தையும் எழுது. ஆவணத்தின் படியையும் சேர்த்து வை" என்றேன். தகப்பனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கரையில் இருப்பவன் கடலுக்குப் போகிறவனுக்கு வழி சொல்வதுபோல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவருக்கு அது மகனின் வாழ்க்கை. எனக்கோ ஒரு மாலை நேரத்து ஆலோசனை. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

4 மாதம் ஒன்றும் வரவில்லை. வாரந்தோறும் பையன் என் அலுவலகத்து வாசலில் வந்து நின்றான். பிறகு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நேரில் சென்று பேருந்து நிறுத்தத்தைப் பற்றியே அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தான். அடுத்த மாதம் பணியாணை வந்தது. அதே அறிக்கையில் பெயர் இருந்த அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன், வேறொரு நிறுவனத்தின் படிவத்தில் 'இல்லை' என்று எழுதினான். அவனுடைய தேர்வு நீக்கப்பட்டது. தவறு ஒன்றே, மறியல் ஒன்றே, மண்டபத்துச் சோறும் ஒன்றே. ஒருவன் வேலைக்குப் போகிறான்; மற்றவன் உயர் நீதிமன்றத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கிறான். அவனுக்கும் அவதார் சிங் தீர்ப்பில் இடமுண்டு என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதற்குள் அவனுடைய நல்ல ஆண்டுகள் கரைந்துகொண்டிருக்கின்றன.

ஆராய்வது வேலை தருவோரின் உரிமை. ஆராயும் முறை நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அந்த உரிமையை நாம் நிமிர்ந்து நின்று கேட்க வேண்டுமானால், படிவத்தில் நாம் எழுதும் முதற்சொல் மெய்யாக இருக்க வேண்டும். கல்லூரி வாசலில் அந்தப் பேருந்து இப்போது நிற்கிறது என்று கேள்விப்படுகிறேன். அதற்காக நின்றவர்கள் அதை ஒளிக்க வேண்டிய தேவையில்லை.